வெசாக் கழிந்து ஒரு விசேஷம்

அன்றைக்கு அறையில் இருந்தவர்கள்.

டாக்டர் அம்மா. ஊர் யாழ்ப்பாணம். பதுளைக்கு மாற்றலாகி வந்து மூன்றாவது வருடம்.

மிஸி. கிளினிக்கின் நர்ஸ். சிங்களவர். தேயிலைத் தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர். எங்களைவிட நன்றாகத் தமிழில் ஏசுவார்.

ரோசி. பஸ் ஸ்டேண்ட் பக்கம் தொழில் செய்கிறவள். ஆண்களிடம் போகிற தொழில்.

சரசு. அவளுக்கும் அதே தொழில். பெயரை மாற்றியிருக்கிறேன். மற்றதை எழுதச் சொன்னது அவள்தான்.

நான், பார்வதி. பாலியல் நோய்களுக்கான கிளினிக்கில் சிற்றூழியர். கூட்டுவது, துடைப்பது, சாமான் கழுவி அவிப்பது, மேசையில் படுத்திருக்கிறவளின் கையைப் பிடித்துக்கொள்வது. அதுதான் வேலை.

டாக்டர் அம்மா கையில் சரசுவின் கருப்பை வாய்ப் பரிசோதனை முடிவு இருந்தது. இரண்டாவது தடவையும் அதே பதில். கண்ணாடித் தகட்டில் பார்ப்பதற்குப் போதியது இல்லை. திரும்ப எடுக்க வேண்டும்.

“அவ்வளவு அழுக்காவா இருந்துச்சு?” என்றாள் சரசு.

“அழுக்கில்லை அம்மா. ஒண்டுமே இல்லை. துடைச்சு வைச்ச மாதிரி இருக்கு. வாறதுக்கு முன்னம் உள்ளுக்குக் கழுவினனீங்களோ?”

சரசு ரோசியைப் பார்த்தாள். ரோசி என்னைப் பார்த்தாள். பிறகு ரோசிதான் வாயைத் திறந்தாள்.

“கழுவாம எப்படிங்க வர்றது? நீங்க படிச்சவங்க. மூஞ்சிய அவ்வளவு கிட்ட வச்சுப் பாக்குறீங்க. டெட்டோல் போட்டு ஒரு தரம், வேப்பிலைத் தண்ணியில ஒரு தரம். ஸ்டேண்டுல எல்லாரும் அப்படித்தான். ஒங்களுக்கு ஒரு மரியாத வேணாமா?”

டாக்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

“நான் இவ்வளவு நாளும் என்ர கையிலதான் பிழை எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்.”

கருப்பை வாயின் மேலே இருப்பதைத்தான் தகட்டில் தடவுகிறார்கள். அதைக் கழுவி விட்டால் பார்க்க என்ன இருக்கும்? இரண்டு நாளைக்கு உள்ளே கழுவக் கூடாது, மருந்து போடக் கூடாது, ஆணிடம் போகக் கூடாது என்றார்.

“ரெண்டு நாளு கடையப் பூட்டணுமா?” ரோசி இடுப்பில் கை வைத்தாள்.

“எப்ப பூட்டுவீங்கள்?”

“போயாவுக்குத்தான். சாராயக் கடை பூட்டுனா எங்க கடையும் பூட்டு. குடிக்காம எவன் வர்றான்? வெசாக்குன்னா முழுசா ரெண்டு நாளு. தன்சல்ல சோறு சும்மா கெடைக்கும். சாப்புடுவோம், வெளிச்சக்கூடு பாப்போம், தூங்குவோம்.”

போயா என்றால் பௌர்ணமி; வெசாக் புத்தருடைய பெரிய போயா. டாக்டர் அம்மா கலண்டரைத் திருப்பினார். “அப்ப வெசாக் கழிஞ்ச மறுநாள் கிளினிக்.”

“மேடம், நான் அன்னைக்கு லீவு போட்டிருக்கேன்,” என்றார் மிஸி.

“போட்டதை எடுங்கோ.”

மிஸி தமிழில் ஏதோ சொன்னார். அதை இங்கே எழுத முடியாது.

சரசு மட்டும் சிரிக்கவில்லை. “நீங்க வைங்க. நான் வரல. மூணாவது தரம் அந்த மேசையில ஏறமாட்டேன்.” குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் போனது ஏன் பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டும்.

முதல் தடவை பார்த்தபோதே டாக்டர் அம்மாவுக்கு ஓர் இடம் பிடிக்கவில்லை. கருப்பை வாயில் வெள்ளையாக ஒரு திட்டு. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தருகிறேன் என்றார். சரசு வாங்கவில்லை. அங்கே காத்திருக்கிற வாங்கில் எப்போதும் தோட்டத்து ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவளுடைய லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், அவள் பதுளைச் சாப்பாட்டுக் கடையில் அரிசி கழுவுகிறவள். அப்படித்தான் எல்லாருக்கும் தெரியும். ஒரே மகள், தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு.

அதற்கு முந்திய வருடம் அவளோடு நின்ற ஒருத்தி இதே நோயில் போய்விட்டாள். கருப்பை வாயில் புற்று. சரசுதான் கடைசி வரை கஞ்சி ஊட்டினாள். அதனால் பயம். “பாத்தா இருக்கும். பாக்காட்டி இல்ல,” என்று ரோசியிடம் சொன்னாளாம்.

இதற்குக் காரணம் ஒரு வைரஸ். உடம்போடு உடம்பு சேரும்போது வருகிறது. வந்தது தெரியாது. நிறையப் பேருக்குத் தானாகப் போய்விடும். சிலருக்குப் போகாமல் தங்கும். தங்கினால் பல வருடம் கழித்துப் புற்றாகலாம். ஆணுறை போட்டால் குறையும், முழுதாக நிற்காது. முதலிலேயே கண்டுபிடித்தால் அந்த இடத்தை மட்டும் எடுத்துவிடலாம். இவ்வளவும் டாக்டர் அம்மா ஒவ்வொருத்திக்கும் சொல்வார். ஒரே சொற்கள், ஒரே நிதானம். கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம்.

நான் லயத்தில் பிறந்தவள். எட்டாம் வகுப்போடு நின்றேன். கொழுந்து எடுத்தேன். கல்யாணமாகிப் பதுளைக்கு வந்தேன். ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. வார்டு, தியேட்டர், கடைசியில் இந்தக் கிளினிக். யாரும் போக விரும்பாத இடம் என்றார்கள். எனக்குப் பிடித்துவிட்டது. இங்கே வருகிறவர்கள் சிரிப்பார்கள். வார்டில் அது குறைவு.

டாக்டர் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பெண் உள்ளே வந்தால் எழுந்து நிற்பார். எவ்வளவு பேரிடம் போனாய் என்று கேட்க மாட்டார். “உங்களுக்கு என்ன செய்யுது?” என்றுதான் கேட்பார். கதவைத் தானே பூட்டுவார். பூட்டியதை அவளுக்குக் காட்டுவார்.

பதுளை குளிருக்கு, உள்ளே வைத்துப் பார்க்கிற இரும்புச் சாமான் ஐஸ் மாதிரி இருக்கும். வாத்து வாய் போல் இரண்டு தகடு. அவித்து எடுத்ததை நான் வெந்நீரில் போட்டு வைக்க வேண்டும். டாக்டர் அம்மா எடுத்துத் தன் மணிக்கட்டின் உள்பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். சூடு சரி என்றால்தான் அடுத்தது. “இப்ப தொடப் போறன். இப்ப உள்ளுக்கு வைக்கப் போறன். மூச்சை விடுங்கோ.” சொல்லாமல் எதையும் செய்ய மாட்டார். மரக்குச்சியை ஒரு சுற்றுச் சுற்றி எடுப்பார். கண்ணாடித் தகட்டில் ஒரே இழுப்பு. காய விடாமல் மருந்தில் போட வேண்டும். அது மிஸியின் வேலை. வெளிச்சம் பிடிப்பது என் வேலை. ஒரு கையில் விளக்கு, ஒரு கையில் அவளுடைய கை.

இப்போது அது மாறுகிறது. சின்ன பிரஷ், குப்பியில் மருந்து, வைரஸ் இருக்கிறதா என்றே பார்க்கிறார்கள். ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் அந்த வைரஸ் வராமலிருக்க ஊசி, அது மட்டும் அப்போதே தொடங்கியிருந்தது. ஊசி போட்டால் பிள்ளை பிறக்காது என்று முதலில் லயங்களில் பேசினார்கள். இப்போது பேச்சு அடங்கிவிட்டது. நல்லது. நான் சொல்வது கண்ணாடித் தகட்டுக் காலம்.

சரசுவை அதற்குப் பிறகு ஸ்டேண்டில் காணவில்லை. போன் வேலை செய்யவில்லை. தோட்டத்துக்குப் போய்விட்டாள் என்றாள் ரோசி. வெசாக் நெருங்கியது.

வீட்டுக்குக் கடிதம் போட மாட்டோம். யூனிபோமோடு யாரும் லயத்துக்குப் போக மாட்டோம். அது எங்கள் கிளினிக்கின் சட்டம். டாக்டர் அம்மா இரண்டு நாள் கலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் போறேன்,” என்றேன்.

“என்னெண்டு போவீங்கள்? ஏன் வந்தனீங்கள் எண்டு கேட்பினமே.”

“அழைப்பு வைக்கப் போற மாதிரி போறேன்.”

தெரியாத பொம்பளை லயத்துக்குள் வந்தால் நாலு பேர் கேட்பார்கள். கையில் தாம்பாளம், வெற்றிலை பாக்கு, குங்குமம் இருந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். விசேஷ அழைப்பு. லயத்தில் பிறந்த எனக்கு அது தெரியும்.

தெரிந்த எனக்கே இன்னொன்று மறந்து போனது. டவுனில் இருந்து பழகிவிட்டேன்.

பசறை பஸ்ஸில் ஏறி, இறங்கி, மலை ஏறிப் போனேன். சரசுவின் காம்பரா, ஒற்றை அறை வீடு, லயத்தின் நடுவில். அவள் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது. தாம்பாளத்தைப் பார்த்ததும் ஒன்றும் புரியவில்லை.

“விசேஷம் இருக்கு. வெசாக் கழிஞ்ச மறுநாள். பதுளையில. வந்துரணும்,” என்று சத்தமாகச் சொன்னேன். குனிந்து நெற்றியில் குங்குமம் வைக்கும்போது காதில் சொன்னேன். “ரெண்டு நாளைக்குக் கழுவாத. டெட்டோலத் தொடாத.”

அவள் உதடு துடித்தது. அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

நிமிர்ந்தேன். பக்கத்துக் காம்பரா வாசலில் ஒருத்தி முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றாள். மீனாட்சி என்று பிறகு தெரிந்தது. இரண்டு கையையும் நீட்டியிருந்தாள். வெற்றிலை வாங்க.

அதற்கடுத்த வாசலில் இன்னொருத்தி. அதற்கடுத்ததில் இரண்டு பேர்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. லயத்தில் ஒரு வீட்டை மட்டும் அழைக்கக் கூடாது. அழைத்தால் மற்ற வீடுகளை அவமானப்படுத்திய மாதிரி. அந்தக் கோபம் பத்து வருடம் நிற்கும். அதுவும் என்மேல் நிற்காது. சரசுமேல் நிற்கும்.

“எங்க வீடு கண்ணுக்குத் தெரியலையா அக்கா?” என்றாள் மீனாட்சி.

“வந்துக்கிட்டே இருக்கேன்,” என்றேன்.

ஒரு வீட்டுக்கு வாங்கிய வெற்றிலையை லயம் முழுக்கப் பங்கு வைத்தேன். கடைசி வீட்டுக்குப் பாதி வெற்றிலை.

“என்ன விசேஷம்?” என்றாள் மீனாட்சி.

“வந்தா தெரியும்.”

“புது வீடு கட்டியிருக்கீங்களா?”

நான் பேசவில்லை. பேசாமல் இருந்தால் ஆமாம் என்று அர்த்தம். பஸ்ஸில் வரும்போதுதான் கணக்குப் பார்த்தேன். ஒரு லயம் வரப்போகிறது. எனக்குப் புது வீடும் இல்லை, பழைய வீடும் வாடகை.

டாக்டர் அம்மாவிடம் சொன்னேன். மிஸி தலையில் கை வைத்தார்.

“எல்லாரையும் வரச் சொல்லுங்கோ,” என்றார் டாக்டர் அம்மா.

“எல்லாரையுமா?”

“அந்தப் பெம்பிளையளுக்கு ஆர் பார்க்கினம்? இந்த வைரஸ் தொழிலைக் கேட்டு வாறதில்லை. மலையில கொழுந்தெடுக்கிறவைக்கும் வரும். எங்கட அறை வேண்டாம். மற்றப் பக்கத்து ஹோலைக் கேட்டு எடுக்கிறன். ஆனா ஒண்டு. மேசையில ஏற முன்னம் உண்மையைச் சொல்லிப்போட வேணும். விருப்பமில்லாதவை சாப்பிட்டிட்டுப் போகட்டும்.”

“சாப்பாடா?” என்றார் மிஸி.

“விசேஷம் எண்டால் சாப்பாடு வேணும்தானே.”

வெசாக் கழிந்தது. மறுநாள் காலையில் மிஸி பாற்சோறு செய்து கொண்டுவந்தார். நான் சர்க்கரைப் பொங்கலும் வடையும். ரோசியும் ஸ்டேண்டுப் பெண்களும் முதலிலேயே வந்துவிட்டார்கள். இரண்டு நாள் தன்சல் சாப்பாட்டில் முகம் தெளிந்திருந்தது.

ஒன்பது மணிக்கு லொறி வந்தது.

பட்டுச்சீலை. தலை நிறையப் பூ. ஒரு லயத்துப் பொம்பளைகள் எல்லாரும். அன்றைக்கு வேலை நாள். கங்காணி கத்தியிருக்கிறார். “கொழுந்து மலையிலேயே நிக்கட்டும், ஓடியா போகும்?” என்றாளாம் மீனாட்சி. அவள்தான் முதலில் இறங்கினாள். கையில் மினுமினுக்கிற எவர்சில்வர் குடம். எல்லாரும் சேர்ந்து வாங்கிய பரிசு. கடைசியில் சரசு இறங்கினாள். பச்சைச் சீலை. என்னைப் பார்க்கவில்லை.

ஹோலில் உட்கார வைத்தேன். சுற்றிப் பார்த்தார்கள். எனக்கு நீட்டிப் பேச வராது.

“புது வீடு இல்ல,” என்றேன். “டாக்டர் அம்மா கூப்புட்டாங்க. கர்ப்பப்பை வாயில புத்து வருமான்னு முன்னாலேயே பாக்கலாம். வலிக்காது. விருப்பம் இல்லாதவங்க சாப்புட்டுட்டுப் போகலாம். நான்தான் சொல்லாம கூட்டியாந்தேன். கோபம் இருந்தா என்னைய ஏசுங்க.”

மீனாட்சி எழுந்தாள்.

“அப்ப கொடத்த யாருகிட்ட குடுக்குறது?”

ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லாரும். டாக்டர் அம்மா முன்னால் வந்து இரண்டு கையாலும் குடத்தை வாங்கினார். வாங்கி, மரியாதையாக மேசையில் வைத்தார். அதோடு பாதி வேலை முடிந்துவிட்டது.

“பட்டுச்சீலையக் கழட்டணுமா?” என்றாள் ஒருத்தி.

“தூக்கினால் போதும்.”

“கல்யாணத்துக்கு எடுத்ததுங்க. தேயிலக் காட்டுக்குக் கூடக் கட்டல. இதுக்கா கட்டியாந்தேன்!”

இரண்டு நாள் விஷயத்தையும் டாக்டர் அம்மா விளக்கினார். கழுவினவர்கள், புருஷனோடு இருந்தவர்கள் சொல்ல வேண்டும், அவர்களுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். லயத்துப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“வெசாக்குக்கு சாராயக் கடை பூட்டு,” என்றாள் மீனாட்சி. “ரெண்டு நாளும் எங்க ஆளு வீட்டுலதான். தெளிவா. அதுதான் பெரிய தொல்ல.”

ரோசிக்குப் பொங்கல் புரையேறியது.

பிறகு நடந்ததுதான் எனக்கு உயிர் போய் வந்த இடம். எங்கள் கிளினிக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். அட்டையில் நம்பர். மிஸி பழக்கத்தில் சரசுவின் அட்டையை எடுத்து, சத்தமாக, “நூத்தி நாப்பது!” என்றார்.

சரசு பழக்கத்தில் எழுந்து நின்றாள்.

லயம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

“ஒனக்கு மட்டும் ஏதுடி நம்பரு?” என்றாள் மீனாட்சி.

அவள் கட்டிக் காத்த அரிசி கழுவுகிற வேலை அந்த இடத்தில் உடையப் பார்த்தது.

“எல்லாருக்கும் நம்பர்தான்,” என்றேன். “வரும்போதே அவளுக்குக் குடுத்தேன். நீங்க நூத்தி நாப்பத்தொண்ணு. நீங்க ரெண்டு. நீங்க மூணு.” வரிசையாகக் கையைக் காட்டிக்கொண்டே போனேன்.

“நாப்பத்தெட்டு எனக்கு வேணாம்,” என்றாள் ஒரு பெண். “எட்டு சனி நம்பரு.” அதை மிஸி எடுத்துக்கொண்டார்.

சரசு நின்றபடியே இருந்தாள். அவளை உட்கார வைத்தது ரோசி. அவர்கள் இரண்டு பேரும் ஏழு வருடம் ஒரே தூணில் சாய்ந்து நின்றவர்கள். ரோசி தட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நீங்க எந்தத் தோட்டம் அக்கா?”

சரசு அவளைப் பார்த்தாள். “பசறைப் பக்கம். நீங்க?”

“நான் டவுன்தான். சேல்ஸ்ல.”

“என்ன சேல்ஸ்?” என்றாள் மீனாட்சி.

“நின்னு விக்கிறதுதாங்க. காலு வலிக்கும்.”

“எங்களுக்கும் அதே நிப்புத்தான்,” என்றாள் மீனாட்சி. முழங்காலுக்கு என்ன எண்ணெய் நல்லது என்று ரோசிக்குச் சொல்ல ஆரம்பித்தாள். ரோசி உண்மையாகவே கேட்டுக்கொண்டாள். அடுத்த வாரம் அந்த எண்ணெய் ஸ்டேண்டு முழுக்க மணத்தது.

சரசு மேசையில் ஏறினாள். நான் கையைப் பிடித்தேன். ஐஸ்.

“கழுவல அக்கா,” என்றாள். “நாறுனா என்னைய சொல்லக் கூடாது.”

டாக்டர் அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. “இண்டைக்குத்தான் நீங்கள் ஒழுங்கா வந்திருக்கிறீங்கள். இப்ப தொடப் போறன்.”

குச்சி ஒரு சுற்று. தகட்டில் ஒரு இழுப்பு. மிஸி மருந்தில் போட்டார். விளக்கை அணைத்தேன்.

மீனாட்சிக்கும் அவள் மாதிரிச் சிலருக்கும் பிறகு ஒரு நாள் எடுத்தோம். முடிவுகள் எல்லாம் வந்தபோது தகடு ஒன்றுகூட வீணாகியிருக்கவில்லை. அந்த லயத்தில் இரண்டு பேர் மட்டும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒன்று சரசு. மற்றது மீனாட்சி.

“நான் எங்க ஆளத் தவிர ஒருத்தனையும் பாத்ததில்லீங்க!” என்றாள் மீனாட்சி.

“ஒரு ஆளே போதும் அம்மா. அவருக்குக் கலியாணத்துக்கு முன்னமே இருந்திருக்கலாம். ஆரிட்ட இருந்து வந்தது எண்டு சொல்லேலாது. சண்டை பிடிக்க வேண்டாம்.”

“சண்ட இல்லீங்க. கேள்வி மட்டும்.”

இரண்டு பேரும் ஒன்றாகப் போனார்கள். தோட்டத்து ஆட்கள் உட்கார்ந்திருக்கிற அதே வாங்கில் உட்கார்ந்தார்கள். பக்கத்து லயத்துக்காரி ஒருத்தி, என்ன விஷயம் என்று கேட்டாள். “எங்க லயத்துக்கே பாத்தாங்க. நாங்க ரெண்டு பேரும் பாஸாயிட்டோம்,” என்றாளாம் மீனாட்சி. அந்த இடத்தில் சரசு வாய் விட்டுச் சிரித்தாளாம். எந்த வாங்குக்குப் பயந்து ஒளிந்தாளோ, அந்த வாங்கு.

மீனாட்சிக்கு ஒன்றும் செய்யவில்லை. வருடம் கழித்து வரச் சொன்னார்கள். சரசுவுக்கு எடுக்க வேண்டும் என்றார்கள். மரத்துப் போக ஊசி போட்டு, சூடான கம்பி வளையத்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்தார்கள். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஏற்கனவே புற்றாகியிருந்தால் வேறு வழி. அது அந்தத் துண்டைப் பார்த்தால்தான் தெரியும்.

காத்திருந்த நாட்களில் சரசு தோட்டத்துக்குப் போகவில்லை. என் வீட்டில் தங்கினாள். அவள் எனக்கு ரொட்டி சுட்டுப் போட்டாள். நான் சாப்பிட்டேன்.

முடிவு வந்த காலையில் டாக்டர் அம்மா எழுந்து நின்றார். கதவைப் பூட்டினார். பூட்டியதைக் காட்டினார். பிறகு வாசித்தார்.

“புற்று இல்லை. விட்டிருந்தால் வந்திருக்கும். சுற்றி ஓரமெல்லாம் சுத்தம். முழுக்க எடுத்தாச்சு. ஆறு மாசத்தில ஒருக்கா வாங்கோ.”

சரசு முதலில் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பிறகு என் முகத்தையும் துடைத்துவிட்டாள். எனக்குத் தேவை இருக்கவில்லை, ஆனாலும் விட்டேன். மிஸி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“மகளுக்கு அடுத்த வருஷம் ஸ்கூல்ல ஊசி போடுவாங்களாமே,” என்றாள் சரசு. “வரிசையில அவள மொத ஆளா நிப்பாட்டுறேன்.”

“நிப்பாட்டுங்கோ.”

போக எழுந்தவள் வாசலில் நின்றாள்.

“ஒண்ணு கேக்கலாமுங்களா? இவ்வளவு பாடு பட்டமே. ஒரு லொறி ஆளு, வெத்தல, பாக்கு, பொங்கல், கொடம். வெட்டி எடுத்தது எம்மாம் பெருசுங்க?”

டாக்டர் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் பார்த்தார்.

பதினொரு மில்லிமீட்டர்.